குடை விரித்த லெதர் கோரல்: வெட்டுவதா, நகர்த்துவதா, கல்லோடு கொடுத்துவிடுவதா?

மூன்றடி ரீஃப் டேங்க் (உப்புத் தண்ணீரில் கோரல், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டி) ஒன்று இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிவிட்டால், உள்ளே ஏதாவது ஒரு கோரல் மற்றதையெல்லாம் மூட ஆரம்பிக்கும். சாஃப்ட் கோரலில் (கல் கூடு இல்லாத, மெத்தென்ற வகை) தொடங்கியவர்களுக்கு அது பெரும்பாலும் டோட்ஸ்டூல் லெதர்தான், தண்டும் மேலே காளான் குடையுமாக நிற்கும் வகை. நைட்ரேட் கொஞ்சம் ஏறினாலும் தாங்கும், விளக்கு சுமாராக இருந்தாலும் வளரும். வாங்கும்போது எலுமிச்சை அளவில் இருந்தது, இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குடை விரித்து நிற்கும். அதன் கீழே உள்ள ஸூஆக்கள் (கொத்தாக வளரும் சின்னப் பொத்தான் கோரல்கள்) கழுத்தை நீட்டி வெளிச்சம் தேடும். பக்கத்தில் இருப்பவை வாயைத் திறக்கவே யோசிக்கும்.

இந்த நிலையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. எதுவும் செய்யாமல் கரி (தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன்) போட்டுச் சமாளிப்பது, கோரல் ஒட்டியிருக்கும் கல்லை நகர்த்துவது, உள்ளேயே விளிம்பை நறுக்குவது, கல்லை வெளியே எடுத்துக் குடையை மொத்தமாக வெட்டுவது, காலனியைக் கல்லோடு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது விளிம்பை நறுக்குவது. எங்கள் கணிப்பில் ஐந்தில் மோசமான வழியும் அதுதான். கல் வெளியே வரும் என்றால் முழுக் குடையையும் ஒரே வெட்டாக எடுப்பது நல்லது. கல் வராது என்றால் மட்டும் உள்ளேயே வெட்டலாம். காரணம் கீழே.

முதலில், அது உண்மையிலேயே பெருத்துவிட்டதா என்று பாருங்கள். லெதர் ஒரே நாளில் உப்பும், சுருங்கும். விளக்கு எரிய ஆரம்பித்து மூன்று நான்கு மணி நேரம் கழித்து, பாலிப் (குடையின் மேல் பூப்போல விரியும் சின்ன வாய்கள்) முழுதும் விரிந்த நிலையில் அளந்தால்தான் சரியான அளவு கிடைக்கும். அந்த நிலையில் அடுத்த கோரலுக்கு 5 செ.மீ. இடைவெளி இருந்தால் கத்திக்கு அவசரமில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. மேல்தோல் பளபளவென்று மெழுகு பூசியதுபோல் ஆகி, பாலிப் எல்லாம் உள்ளே போய், கோரல் சில நாள் சோர்ந்து நிற்கும். தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்தச் சமயத்தில் வெட்டக்கூடாது. ஓட்டம் அதன் மேல் நன்றாகப் படும்படி வைத்தால் அந்த மெழுகுத் தோல் தானே கழன்று போகும்.

விட்டுவைப்பதும் நகர்த்துவதும்

லெதர் நிழலால் மட்டும் தொந்தரவு செய்வதில்லை. டோட்ஸ்டூல் சேர்ந்த சார்கோஃபைட்டான் இனம் டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கசியவிடும். பக்கத்தில் இருக்கும் கோரல்கள், முக்கியமாகக் கல் கோரல்கள், தொடாமலே வாடுவதற்கு அதுதான் காரணம். இந்த வகைப் பாதிப்புக்குக் கத்தியால் பலன் இல்லை. வெட்டினால் அன்றைக்கு அந்தப் பொருள் இன்னும் அதிகமாகத்தான் இறங்கும். 150 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 75 கிராம் கிரானுலர் கரியை ஆர்ஓ தண்ணீரில் தூசி போகக் கழுவி, வலைப்பையில் கட்டி, சம்ப்பில் (டேங்க்குக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி) தண்ணீர் ஊடுருவிப் போகும் இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மூலையில் சும்மா போட்டுவைத்த கரி வேலை செய்யாது.

நிழல்தான் பிரச்சினை, கல்லும் தனிக்கல் என்றால், நகர்த்துவது இருப்பதிலேயே மலிவு. டேங்க்கின் ஓரத்துக்கு, ஓட்டம் வெளியேறும் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். அப்போது அதன் கசிவு மற்றவற்றின் மேல் படாமல் நேராக, தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோவுக்குப் போகும். ஆனால் இது ஆறு மாதத் தீர்வு என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும். நல்ல இடத்தில் வைத்த லெதர் இன்னும் வேகமாக வளரும்.

உள்ளேயே விளிம்பை நறுக்குவது ஏன் மோசம்

கத்தரிக்கோலை உள்ளே விட்டு ஓரத்தைச் சுற்றிக் கத்தரித்தால் வேலை முடிந்ததுபோல் தெரியும். ஆனால் 25 செ.மீ. அகலக் குடையின் விளிம்பைச் சுற்றி வெட்டினால் காயத்தின் நீளம் முக்கால் மீட்டருக்கு வந்துவிடுகிறது. அதே கோரலின் தண்டு 4 செ.மீ. தடிமன் என்றால், தண்டில் வெட்டும்போது காயத்தின் சுற்றளவு 12, 13 செ.மீ., அவ்வளவே. காயம் எவ்வளவு நீளமோ அவ்வளவு சளி, அவ்வளவு கசிவு, அழுகுவதற்கு அவ்வளவு இடம். போதாததற்கு அத்தனை சளியும் உங்கள் டேங்க் தண்ணீரிலேயே கலக்கிறது. நறுக்கிய குடை சில மாதத்தில் விளிம்பு மடிந்து, அலை அலையாக, முன்பிருந்ததைவிட அடர்த்தியான நிழலோடு திரும்பி வரும்.

அடிக்கல்லோடு ஒட்டிப்போய், அடுக்கையே கலைக்காமல் கல் வராது என்றால் வேறு வழியில்லை, உள்ளேதான் வெட்ட வேண்டும். அப்போதும் விளிம்பைத் தொடாமல் தண்டில் வெட்டப் பாருங்கள். ரிட்டர்ன் பம்ப் (சம்ப் தண்ணீரை மேலே ஏற்றுவது), வேவ்மேக்கர் (ஓட்டம் தரும் பம்ப்), ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிப்பது) மூன்றையும் நிறுத்திவிட்டு, ஒருவர் 12 மி.மீ. குழாயில் சைஃபன் ஓடவிட்டு அதன் வாயை வெட்டும் இடத்துக்கு ஒரு விரல் தூரத்தில் பிடிக்க, மற்றவர் வெட்ட வேண்டும். தனியாளாகச் செய்கிற வேலையில்லை. வாளியில் 20 லிட்டர் இறங்குவதற்குள் முடித்துவிட்டு, கலந்து தயாராக வைத்திருக்கும் 20 லிட்டரைத் திருப்பி ஊற்றினால், தண்ணீர் மாற்றமும் அதிலேயே முடிந்தது.

குடையை மொத்தமாக எடுப்பது

முதல் நாளே 40 லிட்டர் உப்புத் தண்ணீர் கலந்து, பம்ப் போட்டு ஓடவிடுங்கள். பாதி அலசுவதற்கு, பாதி மாற்றுவதற்கு. 20 லிட்டருக்கு 700 முதல் 760 கிராம் வரை உப்பு பிடிக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் ஆரம்பித்து ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பின் அளவு காட்டும் கருவி) 35-க்குக் கொண்டுவாருங்கள். மதுரை போர் தண்ணீரை நேராகப் பயன்படுத்துவது பற்றிப் பேச்சே வேண்டாம். வீட்டுக் குடிதண்ணீர் ஆர்ஓவும் போதாது, அதில் மினரல் கலந்து டிடிஎஸ்-ஐ ஏற்றித்தான் வெளியே விடுவார்கள். டிஐ நிலை (மிச்ச உப்பையும் எடுத்துவிடும் கடைசி ஃபில்டர்) உள்ள யூனிட்டில் டிடிஎஸ் 0 வர வேண்டும். கலந்த தண்ணீருக்கும் டேங்க்குக்கும் வெப்பநிலை வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும்.

கருவி விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தண்டு இரண்டு விரல் தடிமனுக்குள் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 22-ம் எண் சர்ஜிக்கல் பிளேடும் 4-ம் எண் கைப்பிடியும் போதும். அதற்கு மேல் தடித்த தண்டுக்கு நீளமான புதுக் கத்தி, சோப்பு படாததாக. மொட்டைக் கத்தியால் அறுத்தால் திசு நசுங்கும். அழுகல் தொடங்குவது நசுங்கிய இடத்தில்தான். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். லெதர் சளி கண்ணில் தெறித்தால் எரிச்சல் லேசில் அடங்காது.

காலை ஆறு, ஏழு மணிக்குத் தொடங்குவது நல்லது. வெயில் ஏறியிருக்காது, மாலை வரை கண்காணிக்கவும் நேரம் இருக்கும். விளக்கு எரிவதற்கு முன், விரலால் நாலைந்து தடவை தொட்டுச் சுருங்க வையுங்கள். சுருங்கிய லெதர் கெட்டியாக இருக்கும், வெட்டு நேராக விழும். கல்லை மெல்லத் தூக்கித் தட்டில் வைத்து ஒரு நிமிடம் விடுங்கள், உள்ளே தேங்கிய தண்ணீர் வடியும். கொஞ்ச நேரம் காற்றில் இருப்பதால் லெதருக்கு ஒன்றும் ஆகாது. பிறகு குடைக்கு 2 செ.மீ. கீழே, குறுக்காக, ஒரே இழுப்பில் வெட்டுங்கள். கல்லில் 3, 4 செ.மீ. அடித்தண்டாவது நிற்க வேண்டும். உள்சதை வெள்ளையாக, நறநறவென்று மணல் கலந்ததுபோல் இருக்கும். அது ஸ்க்ளீரைட் என்னும் சுண்ணாம்புத் துணுக்குகள், நோய் என்று பயப்பட வேண்டாம்.

அடித்தண்டை முதல் வாளியில் ஆட்டி அலசி, இரண்டாவது வாளியில் இன்னொரு முறை அலசி, பழைய இடத்திலேயே வையுங்கள். அயோடின் டிப் (அயோடின் கரைசலில் முக்கியெடுப்பது) கட்டாயமில்லை. சுத்தமான உப்புத் தண்ணீரில் நன்றாக அலசுவதுதான் முக்கியம். அன்றே 20 லிட்டர் மாற்றி, புதுக் கரியையும் போடுங்கள். ஸ்கிம்மர் கண்டபடி நுரைக்கும். அதை நிறுத்திவிடாமல், கப்பை உயர்த்தி ஓடவிட்டு, நிரம்ப நிரம்பக் கொட்டுங்கள். கரியை மூன்றாம் நாள் மாற்றிவிடுங்கள். வெட்டுவாய் ஒன்றிரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். அதன் பிறகு விளிம்பில் சின்னச் சின்னப் பாலிப் எட்டிப் பார்க்கும்.

கோரல் பிழைத்துக்கொண்டாலும் அடுத்த வாரம் வேறொன்று கெடும். குடையின் நிழலில் ஒரு வருடம் இருந்த ஸூஆவும் மஷ்ரூம் கோரலும் திடீரென்று முழு வெளிச்சத்தில் நிற்கின்றன. நாலைந்து நாளில் வெளுத்துப்போகும், பழி வெட்டிய சளியின் மேல் விழும். வெட்டிய அன்றே விளக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

எப்போது வெட்டக்கூடாது

சித்திரை, வைகாசியில் கத்தியைத் தொடாதீர்கள், சில்லர் இருந்தால் ஒழிய. வெளியே 39, 40 டிகிரி ஓடும்போது மின்விசிறி மட்டும் உள்ள டேங்க் 29, 30-ல் நிற்கும். விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கும், அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். ஆர்ஓ தண்ணீர் ஊற்ற ஒருநாள் மறந்தாலும் உப்பு ஏறிவிடும். சூட்டில் ஆக்சிஜன் குறைவு, பாக்டீரியா அதிகம், காயம் ஆறாது. பக்கத்து மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுப்பதும் இந்த ஏப்ரல், மே, ஜூனில்தான். 2010-லும் 2016-லும் அப்படித்தான் நடந்தது. ஐப்பசியிலிருந்து மாசி வரை நல்ல காலம்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பையும் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். வெட்டிய மறுநாள் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லை என்றால், சளி தேங்கி, ஓட்டம் நின்று, அடித்தண்டு அங்கேயே கூழாகிவிடும். இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கர், அது முடியாவிட்டால் பேட்டரி ஏர்பம்ப், இரண்டில் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

வெட்டிய குடையை என்ன செய்வது

முழுக் குடையாக ஒரே கல்லில் ஒட்டவைக்கலாம், அல்லது துண்டு போடலாம். முழுக் குடை பிழைப்பது சுலபம், ஆனால் அதே அளவு இடத்தை உடனே கேட்கும். கேக் வெட்டுவதுபோல் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஐந்தாறு துண்டாகப் போட்டால் ஒவ்வொன்றும் தனிக் கோரல் ஆகும். 3 செ.மீ.க்குக் குறைந்த துண்டு வேண்டாம். பிழைத்தாலும் தேறி வர மாதக்கணக்காகும். முழுக் குடையைக் கேட்டு வாங்க ஆள் இருந்தால் துண்டு போடாதீர்கள். இல்லையென்றால் துண்டுதான்.

ஒட்டவைப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். சூப்பர் க்ளூ லெதரில் நிற்காது. சதை மேல் சளி, சளி மேல் பசை; இரண்டு நாளில் பசை கல்லில் இருக்கும், துண்டு பவர்ஹெட் பம்ப்பில் இருக்கும். ஸூஆவுக்கும் ஜிஎஸ்பி (கிரீன் ஸ்டார் பாலிப், கல்லின் மேல் படரும் கோரல்) விரிப்புக்கும் ஜெல் வகைப் பசை அருமை. லெதருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

தண்டோடு இருக்கும் துண்டுக்குப் பல்குச்சிதான் சிறந்தது. வாசனை, சாயம் எதுவும் இல்லாத மூங்கில் குச்சியைத் தண்டின் நடுவில் குறுக்கே குத்தி, கல்லின் மேல் உட்காரவைத்து, குச்சியின் இரண்டு முனையையும் ரப்பர் பேண்டால் கல்லோடு பிணையுங்கள். இழுவை குச்சியின் மேல் விழும், சதையை அறுக்காது. இரண்டு மூன்று வாரத்தில் துண்டு கல்லைப் பிடித்ததும் பேண்டை வெட்டிவிட்டுக் குச்சியை உருவலாம்.

ஊசி நூல் தையலும் வேலை செய்யும், ஆனால் முடிச்சு இறுகினால் கோரல் உப்பும்போது நூலே அதை இரண்டாக அறுத்துவிடும். பழக்கமில்லாதவர்களுக்கு இதைச் சொல்லமாட்டோம்.

தண்டு இல்லாத குடைத்துண்டுகளுக்கு வலைக் கிண்ணம். அகலமான பிளாஸ்டிக் கிண்ணத்தில் சின்னக் கற்களைப் பரப்பி, துண்டுகளைப் பாலிப் பக்கம் மேலே, வெட்டுவாய் கல்லைத் தொடும்படி வைத்து, கொசுவலைத் துணியால் தொளதொளவென்று மூடுங்கள். ஓட்டம் மெதுவாக இருக்க வேண்டும், நின்றுவிடவும் கூடாது. தேங்கினால் சளி போர்வையாக மூடி அழுகும். தினமும் ஒருமுறை பைப்பெட்டால் ஊதிவிடுங்கள். இரண்டு வாரம் ஆனதும் வலையை எடுத்துப் பாருங்கள். பாதியாவது கல்லைப் பிடித்திருக்கும். பிடித்த பிறகு முருங்கைப் போத்து மாதிரிதான், அதன் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

கல் என்றதும் கடற்கரையில் கிடக்கும் பவளச் சில்லைப் பொறுக்கிவர வேண்டாம், அதற்கான காரணம் கடைசியில் சொல்கிறோம். டைல்ஸ் கடையில் கழித்துப்போட்ட செராமிக் ஓட்டை 3 செ.மீ. சதுரமாக உடைத்து, பளபளப்பில்லாத பின்பக்கம் மேலே வரும்படி வைத்தாலே லெதர் பிடிக்கும். ஒரு வாரம் ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

துண்டில் பழுப்போ கருப்போ திட்டு தெரிந்து, முகர்ந்தால் கெட்ட முட்டை வாடை வந்தால் காத்திருக்காதீர்கள். திட்டுக்கு 1 செ.மீ. தள்ளி நல்ல சதையில் வெட்டி, அலசி, ஓட்டம் கூடுதலான இடத்துக்கு மாற்றுங்கள். முழுதும் கொழகொழத்துவிட்டால் எடுத்து எறிந்துவிடுங்கள். ஒரு துண்டைக் காப்பாற்றப்போய் கிண்ணத்தையே இழப்பீர்கள்.

லெதர் இல்லை, வேறு என்றால்

ஸெனியா என்ற சாஃப்ட் கோரலுக்குக் கத்தி வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு தனிக்கல்லை ஒட்டிவையுங்கள். தானே ஏறிவரும், ஏறியதும் கல்லோடு எடுத்துவிடலாம். ஜிஎஸ்பியைத் தனித்தீவாக, மணல் சூழ வைத்திருந்தால் பிரச்சினையே வராது. அடுக்கில் ஏறிவிட்டால் ஊதா விரிப்பைக் கத்தியால் நெம்பிப் பாய்போல் உரிக்கலாம். மஷ்ரூமில் ஒரு துணுக்கை விட்டாலும் அது புதிதாக முளைக்கும், அதனால் குறைக்கிறேன் என்று நறுக்கினால் பெருகும். ஃபிங்கர் லெதரில் கிளையைக் கிள்ளி எடுத்தால் போதும்.

ஸூஆ, அதன் உறவான பாலி (பாலிதோவா) மட்டும் தனி ரகம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் இருக்கிறது, ஆளைக் கொல்லக்கூடிய விஷம். எதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். அவை ஒட்டிய கல்லைச் சுடுதண்ணீரில் போடுவது, கொதிக்கவைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது எதுவும் கூடாது; ஆவியாகவும் திவலையாகவும் மூச்சில் போகும். சமையலறை சிங்க்கை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

கொடுத்துவிடுவதும் அனுப்புவதும்

டேங்க் சின்னது, துண்டுகளை வைக்க இடமில்லை, வாங்கவும் ஆளில்லை என்றால் வெட்டுவதில் அர்த்தமில்லை. ஆறு துண்டும் ஆறு மாதத்தில் ஆறு பிரச்சினையாகும். பெரிய டேங்க் உள்ளவருக்குக் கல்லோடு கொடுத்துவிடுங்கள், பதிலுக்கு மெதுவாக வளரும் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் என்றால் மூடியுள்ள வாளியில் டேங்க் தண்ணீரோடு, இரவில் கொண்டுபோனால் போதும்.

சென்னைக்கு, கொளத்தூர் மீன் சந்தைப் பக்கம் அனுப்புவதாக இருந்தால் வெட்டி நான்கு வாரமாவது கழித்து, கல்லைப் பிடித்து, பாலிப் விரித்த துண்டை மட்டும் அனுப்புங்கள். பச்சைக் காயத்தோடு அனுப்பினால் பையிலேயே சளி கக்கித் தண்ணீர் கெட்டுவிடும். இரட்டைப் பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, தெர்மோகோல் பெட்டி, மாட்டுத்தாவணியிலிருந்து இரவு பஸ். பகல் பஸ்ஸின் டிக்கியில் எந்தக் கோரலும் தாங்காது.

கொடுக்கும் முன் எது லெதர், எது கல் கோரல் என்பதில் தெளிவு வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் 2001 முதல் கல் கோரல்கள் அனைத்தும், கூடவே கடல் விசிறி, கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் ஆகியவையும் இருக்கின்றன. கடற்கரையில் கிடக்கும் பவளச் சில்லையும் எடுக்கக்கூடாது என்றது இதனால்தான். லெதர், ஸெனியா, ஸூஆ, மஷ்ரூம் அந்தப் பட்டியலில் இல்லை. கல் கோரல் வைத்திருப்பவர்கள் வாங்கிய தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, துண்டு போட்டு விற்பதையோ கொடுப்பதையோ பற்றி யோசிப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மிஞ்சியதை மண்டபத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியது. வெனிசுவேலாவில், ஸெனியா மாதிரியே இருக்கும் உனோமியா என்ற சாஃப்ட் கோரல், அக்வேரியக்காரர்கள் விட்டது என்றே கருதப்படுகிறது, அங்கே கடலடியை விரிப்பாக மூடிக்கொண்டிருக்கிறது. வேண்டாத துண்டுகளை மொட்டைமாடியில் ஒரு தட்டில் பரப்பி, மதுரை வெயிலில் இரண்டு நாள் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஸூஆ, பாலி என்றால் காயவைக்காமல், ஈரமாகவே இரட்டைப் பையில் இறுகக் கட்டிப் போட வேண்டும். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பில் செடி கருகிவிடும்.